தும்மலும் மூக்குச் சதையும்: ஒவ்வாமைக்கும் பாலிப்புடன் கூடிய சைனஸ் நோய்க்கும் உள்ள உறவு

மூக்கின் உட்சவ்வும், கன்னம், நெற்றி, இரு கண்களுக்கு இடைப்பட்ட எலும்புகளுக்குள் இருக்கும் காற்றறைகளின் சவ்வும் 12 வாரங்களுக்கு மேல் அழற்சியில் இருந்தால் அது நாட்பட்ட சைனஸ் நோய். மூக்கடைப்பு, மூக்கொழுகல், முகத்தில் வலி அல்லது கனம், வாசனை தெரியாமல் போவது ஆகிய நான்கில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். அந்த இரண்டில் ஒன்று அடைப்பாகவோ ஒழுகலாகவோ இருக்க வேண்டும். இது நோயாளி சொல்லும் பகுதி. எண்டோஸ்கோப்பிலோ சி.டி. ஸ்கேனிலோ தடயம் தெரிந்தால்தான் நோய் உறுதியாகும். அப்படிப் பார்க்கும்போது சிலருக்கு மட்டும் மூக்கின் நடுவழியில், உரித்த திராட்சை போல வெளிறிப் பளபளக்கும் தொங்கல்கள் தெரியும். அவையே பாலிப்புகள். ஐரோப்பிய நாடுகளில் கேள்வித்தாள் வழியாக நடத்தி 2011இல் வெளியிடப்பட்ட பெரிய ஆய்வில், நாட்பட்ட சைனஸ் அறிகுறிகள் உள்ளவர்கள் 10.9 சதவீதம். பாலிப் உள்ளவர்கள் மக்கள்தொகையில் 2 முதல் 4 சதவீதம் என்பது பொதுவான மதிப்பீடு.

இந்தப் பாலிப்புக்கும் ஒவ்வாமைக்கும் என்ன உறவு என்பது அரை நூற்றாண்டுக்கும் மேலாக விவாதத்தில் இருக்கிறது. விடை தெரியாத நிலையிலேயே சிகிச்சை நடந்துவந்திருக்கிறது என்பதுதான் இதில் கவலைக்குரியது. தும்மல், மூக்கொழுகல், சதை என மூன்றும் ‘டஸ்ட் அலர்ஜி’ என்ற ஒரே பெயருக்குள் போய்விடுகின்றன. ஒவ்வாமை மாத்திரை தின்று தின்று வருடக்கணக்கில் வாசனையை இழந்து நிற்பவர்கள் ஒருபுறம். பாலிப்பே இல்லாமல் ‘சதை வளர்ந்திருக்கிறது’ என்று அறுவை சிகிச்சைக்கு அஞ்சி நடப்பவர்கள் மறுபுறம்.

இந்தக் கேள்வி உயிரோடு இருக்கும் இடங்களில் ஒன்று தேர்வாய் கண்டிகை வட்டாரம். திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி வட்டத்தில், ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கும் ஊர் இது. டயர் ஆலை உள்ளிட்ட தொழிற்சாலைகள் அமைந்த சிப்காட் பூங்கா ஒரு பக்கம். 2020 நவம்பரில் சென்னையின் ஐந்தாவது குடிநீர்த் தேக்கமாகத் திறக்கப்பட்ட கண்ணன்கோட்டை – தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம் மறுபக்கம். கிழக்கே கும்மிடிப்பூண்டியின் பழைய சிப்காட்டில் இரும்பு உருக்கும் உலைகளும் உருட்டாலைகளும் ரசாயன ஆலைகளும் இருக்கின்றன. சுற்றிலும் நெல் வயல், மாந்தோப்பு, சவுக்குத் தோப்பு, வேலிகளில் வேலிக்காத்தான், சாலையோரம் பார்த்தீனியம். கடல் அதிகத் தொலைவில் இல்லை. ஆண்டின் பெரும்பகுதி காற்றில் ஈரம் இருக்கிறது. ஆகவே இங்கே வேலை செய்து குடியிருக்கும் ஒருவரின் மூக்குக்குள் இரண்டு வகைத் தூசி போகிறது. ஒன்று உயிர்ப்பொருளின் தூசி: மகரந்தம், பூஞ்சைத் துகள், பாய் தலையணையில் வாழும் தூசிச் சிற்றுண்ணி, கரப்பான் கழிவு. மற்றொன்று தொழிலின் தூசி: இரும்புத் துகள், கரிப்பொடி, டால்க், ரப்பர் பதப்படுத்தும்போது கிளம்பும் ஆவி, லாரிகளின் டீசல் புகை. முதல் வகை ஒவ்வாமையைத் தூண்டும். இரண்டாவது வகை பெரும்பாலும் சவ்வை அரித்து எரிச்சலூட்டும். இரண்டுக்கும் மூக்கு ஒழுகும், இரண்டுக்கும் தும்மல் வரும். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

முதலில் சதை எது, பாலிப் எது என்று பிரித்துவிட வேண்டும். மூக்கின் பக்கச்சுவரில் டர்பினேட் எனப்படும் மடிப்புகள் எல்லோருக்கும் பிறவியிலேயே உண்டு. உள்ளே போகும் காற்றைச் சூடாக்கி ஈரமாக்குவது அவற்றின் வேலை. ஒவ்வாமை உள்ளவர்களுக்குக் கீழ் டர்பினேட் வீங்கி மூக்கை அடைக்கும். கைவிளக்கில் பார்த்தால் அதுவே முதலில் கண்ணில் படும். ‘சதை’ என்று சொல்லப்படுவது பல நேரங்களில் இதுதான். கருவியால் தொட்டால் வலிக்கும், அடைப்பு நீக்கும் சொட்டு மருந்து விட்டால் சில நிமிடங்களில் சுருங்கும். பாலிப் அப்படி அல்ல. அது பெரும்பாலும் சல்லடை எலும்பின் அறைகளிலிருந்து இறங்கி வரும். தொட்டால் உணர்வு இருக்காது, சொட்டு மருந்துக்குச் சுருங்காது, பெரும்பாலும் இரு பக்கமும் இருக்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் நீர் கோத்து ஊறிய திசு; அதற்குள் இயோசினோஃபில் என்னும் வெள்ளணுக்கள் திரண்டிருக்கும். அறிகுறிகளிலும் ஒரு வேறுபாடு உண்டு. ஒவ்வாமைக்காரர் முதலில் சொல்வது அரிப்பும் அடுக்குத் தும்மலும். பாலிப் உள்ளவர் முதலில் சொல்வது அடைப்பும், குழம்பு கொதிக்கும் மணம்கூடத் தெரியவில்லை என்பதும். வாசனையை முற்றாக இழந்த ஒருவருக்கு ஒவ்வாமை மாத்திரை எழுதுவதற்கு முன் எண்டோஸ்கோப் ஒருமுறையாவது உள்ளே போயிருக்க வேண்டும்.

ஒவ்வாமையின் இயக்கம் தெளிவாகத் தெரிந்த ஒன்று. சிற்றுண்ணியின் புரதம் போன்ற ஒன்றை உடல் எதிரியாகப் பதிந்துகொண்டு, அதற்கென ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. ஐஜிஇ போய் மாஸ்ட் செல்களின் மேல் அமர்கிறது. அதே புரதம் மீண்டும் வரும்போது அந்தச் செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டுகின்றன; நிமிடங்களில் தும்மல் வருகிறது. சில மணி நேரம் கழித்து இயோசினோஃபில்கள் வந்து சேர்கின்றன. பாலிப்பிலும் ஐஜிஇ இருக்கிறது, மாஸ்ட் செல் இருக்கிறது, இயோசினோஃபில் நிறைந்திருக்கிறது. திசுவைப் பார்த்த எவருக்கும் பாலிப் என்பது முற்றிய ஒவ்வாமை என்று தோன்றுவது இயல்பு. பல பத்தாண்டுகள் மருத்துவம் அப்படித்தான் நம்பியது.

எண்ணிப் பார்த்தபோது அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. 1971இல் அமெரிக்காவில் ஒவ்வாமை நோயாளிகள் 3,000 பேரைப் பார்த்ததில் பாலிப் இருந்தவர்கள் 0.5 சதவீதமே. பொது மக்களில் இருக்கும் அளவைவிட இது அதிகமாக அல்லவா இருந்திருக்க வேண்டும்! 1977இல் செட்டிபேன், சாஃபி என்ற இரு மருத்துவர்கள் ஆஸ்துமாவோ மூக்கழற்சியோ உள்ள 6,037 பேரின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். மொத்தத்தில் 4.2 சதவீதம் பேருக்குப் பாலிப்; ஆஸ்துமா உள்ளவர்களில் 6.7, மூக்கழற்சி மட்டும் உள்ளவர்களில் 2.2. அதைவிட முக்கியமான செய்தி, தோல் பரிசோதனையில் ஒவ்வாமை தெரிந்த ஆஸ்துமாக்காரர்களைவிட, ஒவ்வாமை தெரியாத ஆஸ்துமாக்காரர்களிடமே பாலிப் அதிகமாக இருந்தது என்பது. 1994இல் வெளியான மற்றோர் ஆய்வு, ராக்வீட் மகரந்தத்துக்கு ஒவ்வாமை கொண்ட பாலிப் நோயாளிகளை அந்த மகரந்தப் பருவத்திலேயே கவனித்தது. பருவத்தோடு பாலிப் நோய் பெரிதாக ஏறவில்லை. ஒவ்வாமைதான் காரணம் என்றால் எரிபொருள் கொட்டும் காலத்தில் தீ கூடியிருக்க வேண்டும்.

ஆனால் எதிர்ப்பக்கத்திலும் ஆய்வுகள் உண்டு. 2014இல் வில்சன் குழுவினர் அதுவரை வந்தவற்றைத் தொகுத்துப் பார்த்தபோது, பாலிப் வகை நோயைப் பற்றிய 18 ஆய்வுகளில் 10 ஒவ்வாமைத் தொடர்பு உண்டு என்றன, 7 இல்லை என்றன, ஒன்று எந்தப் பக்கமும் சாயவில்லை. ஒவ்வாமைக்குச் சிகிச்சை அளித்தால் பாலிப் நோய் குறைகிறதா என்று ஒழுங்காகச் சோதித்த ஆய்வு ஒன்றுகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை. சான்றின் தரம் கடைநிலை என்று அவர்களே எழுதினார்கள். இந்தக் குழப்பத்துக்கு ஆய்வாளர்களின் கவனக்குறைவு காரணமல்ல. பாலிப் என்பது ஒரே நோய் அல்ல. பல நோய்கள் மூக்குக்குள் எடுக்கும் ஒரே உருவம். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி எண்ணினால் விடை இப்படித்தான் பாதிப் பாதியாக வரும். மேலும் தோலில் ஒவ்வாமை இருப்பது வேறு, அந்த ஒவ்வாமை பாலிப்பை உண்டாக்குவது வேறு. மக்களில் நான்கைந்து பேரில் ஒருவருக்கு ஏதோ ஒன்றுக்குத் தோல் பரிசோதனையில் தடிப்பு வரும் சூழலில், பாலிப் நோயாளிகளிலும் பலருக்கு அது வருவதில் வியப்பில்லை.

தெளிவு வந்தது திசுவுக்குள்ளிருந்துதான். பெல்ஜியத்தின் கென்ட் நகரில் கிளாஸ் பாச்சர்ட்டின் குழு 2001இல், பாலிப் திசுவிலேயே ஐஜிஇ பெருமளவில் இருப்பதையும், அது இரத்தத்தில் உள்ள ஐஜிஇ அளவோடும் தோல் பரிசோதனை முடிவோடும் ஒத்துப்போகாததையும் காட்டியது. அதாவது அந்த ஐஜிஇ மூக்கிலேயே தயாராகிறது. அதில் ஒரு பகுதி ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவின் நச்சுகளை நோக்கியது. இந்தப் பாக்டீரியா பாலிப் உள்ளவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோரின் மூக்கில் குடியிருக்கிறது. மற்றவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரிடம். அதன் நச்சுகள் குறிப்பிட்ட எதிரி என்று பாராமல் டி செல்களைக் கூட்டங்கூட்டமாகத் தூண்டிவிடக்கூடியவை. தூண்டப்பட்ட செல்கள் இன்டர்லூக்கின்-4, 5, 13 ஆகிய செய்திப் புரதங்களைச் சுரக்கின்றன. நான்கும் பதின்மூன்றும் ஐஜிஇ உற்பத்தியையும் சளியையும் கூட்டும். ஐந்து இயோசினோஃபில்களை வளர்த்து அழைத்து வரும். இந்தத் தொகுப்புக்கு டைப்-2 அழற்சி என்று பெயர்.

ஒவ்வாமை மூக்கழற்சியும் டைப்-2 அழற்சிதான், பாலிப்பும் பெரும்பாலும் டைப்-2 அழற்சிதான். இரண்டும் ஒரே மொழி பேசுவதால் ஒன்று மற்றொன்றைப் பெற்றது என்று ஆகிவிடாது. ஒவ்வாமையில் அழற்சியைத் தொடங்கி வைப்பது குறிப்பிட்ட ஒரு வெளிப்பொருள். பாலிப்பில் தொடங்கி வைப்பது பெரும்பாலும் உடைந்துபோன சவ்வு. மேற்புறச் செல்கள் ஒன்றோடொன்று நெருங்கிப் பூட்டியிருக்கும் பிணைப்பு தளர்ந்தால் பாக்டீரியா, பூஞ்சை, தூசி எல்லாம் உள்ளே கசிகின்றன. காயமுற்ற செல்கள் டிஎஸ்எல்பி, இன்டர்லூக்கின்-33 போன்ற அபாயச் செய்திகளை அனுப்புகின்றன. அங்கிருந்து தொடங்கும் அழற்சிக்கு ஒவ்வாமை தேவையே இல்லை. இருந்தால் எரிகிற இடத்தில் இன்னும் கொஞ்சம் சேர்க்கும், அவ்வளவே. ஆசியாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. சீனா உள்ளிட்ட நாடுகளில் பாலிப்புகளின் கணிசமான பங்கு இயோசினோஃபில் குறைந்த, நியூட்ரோஃபில் என்னும் வேறு வெள்ளணுக்கள் மிகுந்த வகை என்று ஐரோப்பா, ஆசியா, ஓசியானியா மூன்றையும் ஒப்பிட்டு 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. மேலைநாட்டு நோயாளியை மனத்தில் வைத்து எழுதிய விதிகளை அப்படியே இறக்குமதி செய்வதில் உள்ள ஆபத்து இது.

ஆனால் ஒவ்வாமை உண்மையிலேயே நடுநாயகமாக நிற்கும் இரண்டு வடிவங்கள் உண்டு. அவற்றில் ஒன்று இந்தியாவுக்கு மிக நெருக்கமானது: ஒவ்வாமைப் பூஞ்சை சைனஸ் நோய். 1976இல் சாஃபர்ஸ்டீன், நுரையீரலில் அஸ்பர்ஜில்லஸ் பூஞ்சைக்கு ஏற்படும் ஒவ்வாமை நோயைப் போலவே மூக்கிலும் ஒன்று இருப்பதைக் கவனித்தார். 1983இல் கேட்சன்ஸ்டைன் அதைத் தனி நோயாக விவரித்தார். 1994இல் பென்ட், கூன் இருவரும் ஐந்து அளவுகோல்களை வகுத்தார்கள்: பூஞ்சைக்கு ஐஜிஇ வழி ஒவ்வாமை, மூக்கில் பாலிப், ஸ்கேனில் இந்நோய்க்கே உரிய தோற்றம், திசுவுக்குள் ஊடுருவாத இயோசினோஃபில் சளி, அந்தச் சளியில் பூஞ்சை. முதல் அளவுகோலே ஒவ்வாமை என்பதைக் கவனிக்க வேண்டும்.

பூஞ்சை இங்கே திசுவைத் தின்பதில்லை. சைனஸ் அறைக்குள் சளியில் தங்குகிறது. அதற்கு எதிராக உடல் எழுப்பும் ஒவ்வாமைதான் நோய். அறுவை அரங்கில் பாலிப்பை விலக்கி அறையைத் திறக்கும்போது பச்சை கலந்த பழுப்பு நிறத்தில் கெட்டியான சளி வெளிப்படும். சக்ஷன் குழாயில் ஏறாது. கருவியால் சுரண்டி எடுக்க வேண்டும். அதை நுண்ணோக்கியில் வைத்தால் சிதைந்த இயோசினோஃபில்கள் அடுக்கடுக்காகக் கிடக்கும். இடையிடையே ஊசிமுனைகள் கொண்ட படிகங்கள்; இயோசினோஃபிலின் புரதம் உறைந்து உண்டான அவற்றுக்குச் சார்கோ–லெய்டன் படிகங்கள் என்று பெயர். அரிதாகச் சிதறிய பூஞ்சை இழைகள். சளிக்குள் உலோக உப்புகள் சேர்ந்திருப்பதால் சி.டி. ஸ்கேனில் அறைக்குள்ளேயே வெண்மையும் சாம்பலுமாக இரட்டை அடர்த்தி தெரியும். இளவயதினரைத்தான் இது அதிகம் பிடிக்கிறது. வலி இல்லாமல் வருடக்கணக்கில் வளர்வதால், எலும்பு மெலிந்து கண் முன்தள்ளிய பிறகு கண் மருத்துவரிடம் முதலில் போய்ச் சேர்பவர்களும் உண்டு.

வெப்பமும் ஈரமும் சேர்ந்த நாடுகளின் நோய் இது. அமெரிக்காவில் மிசிசிப்பிப் படுகையை ஒட்டிய தென்பகுதியில் அதிகம். அங்கே கருநிறப் பூஞ்சைகள் முக்கியமானவை. இந்தியாவில் அஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் முன்னிற்கிறது. சண்டிகர் முதுநிலை மருத்துவ ஆய்வு நிறுவனத்தின் அருணலோக் சக்ரவர்த்தி பூஞ்சை சைனஸ் நோய்களை வகைப்படுத்தும் சர்வதேசப் பணிக்குழுவில் முன்னணியில் இருந்தவர். அக்குழுவின் வகைப்பாடு 2009இல் வெளியானது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியலாளர்கள் 7 ஆண்டு மாதிரிகளை ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட கட்டுரையிலும் அதே பூஞ்சைதான் முதலிடத்தில் இருந்தது. அஸ்பர்ஜில்லஸ் வானத்திலிருந்து வருவதல்ல. வைக்கோற்போர், ஈரம் பட்ட தானியம், மக்கும் குப்பை, மழைக்குப் பின் பூத்த சுவர் எல்லாம் அதன் இருப்பிடம். களத்தில் நெல் தூற்றுபவரும், மழை ஒழுகும் அறையில் நான்கைந்து பேராகத் தங்கும் வெளிமாநில ஒப்பந்தத் தொழிலாளரும் அதை ஒரேபோல மூச்சில் இழுக்கிறார்கள். ஆனால் இழுக்கும் எல்லோருக்கும் நோய் வருவதில்லை. ஒவ்வாமை நாட்டம் உள்ள சிலருக்கே வருகிறது.

2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது பேசப்பட்ட கருப்புப் பூஞ்சையோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மியூகர்மைகோசிஸ் என்ற அந்த நோய் கட்டுப்படாத சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்த உடலில் திசுவையும் ரத்தக்குழாயையும் துளைத்து, நாட்கணக்கில் உயிரைப் பறிக்கும். ஒவ்வாமைப் பூஞ்சை நோய்க்கோ ஸ்டீராய்டுதான் மருந்து. ஒன்றுக்குக் கொடுப்பதை மற்றதற்குக் கொடுத்தால் விபரீதம். பூஞ்சை என்ற சொல்லைக் கேட்டதும் வரும் பீதிக்கு இடம் கொடுக்காமல், திசுவுக்குள் ஊடுருவியிருக்கிறதா என்ற ஒரே கேள்விக்கு நோய்க்குறியியல் அறிக்கையில் விடை தேட வேண்டும்.

இரண்டாவது வடிவம் அண்மையில் பெயர் பெற்றது. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெல்காடியோ 2017இல் மூக்கின் நடுப்பகுதியில் மட்டும் ஏற்படும் ஒரு பாலிப் வகையை விவரித்தார். நடு டர்பினேட், மேல் டர்பினேட், நடுச்சுவரின் பின்மேற்பகுதி ஆகியவை, அதாவது மூச்சுக்காற்று நேராக மோதும் இடங்கள், நீர்கோத்துப் பாலிப்பாகின்றன. பக்கத்துச் சைனஸ் அறைகள் பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். இவர்களில் மிகப் பெரும்பாலோருக்குத் தூசிச் சிற்றுண்ணி போன்றவற்றுக்கு ஒவ்வாமை உண்டு, ஆஸ்துமா குறைவு, அறுவைக்குப் பின் மீண்டும் வளர்வதும் குறைவு. ஆண்டு முழுவதும் சிற்றுண்ணி தழைக்கும் ஈரமான கடலோர மாவட்டத்தில் இந்த வகையைத் தேடிப் பார்ப்பது பயனுள்ளது. எண்டோஸ்கோப் செய்பவர் பாலிப் இருக்கிறது என்று மட்டும் எழுதாமல் எங்கே இருக்கிறது என்றும் எழுதினால் போதும்.

ஒவ்வாமை போலவே நடந்துகொண்டு ஒவ்வாமையாக இல்லாத ஒன்றும் உண்டு. பாலிப், ஆஸ்துமா, ஆஸ்பிரினைத் தாங்காமை மூன்றும் சேர்ந்த நோயை 1922இல் பிரான்சில் விடால் குழுவினர் முதலில் எழுதினார்கள். 1968இல் சாம்டர், பியர்ஸ் கட்டுரைக்குப் பின் அது சாம்டர் முக்கூட்டு என்று பெயர் பெற்றது. பாலிப் உள்ளவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இது இருக்கிறது. ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் எதை விழுங்கினாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் மூக்கடைத்து வீசிங் வரும். இதில் ஐஜிஇக்குப் பங்கில்லை. காக்ஸ்-1 நொதி முடங்கி, லூக்கோட்ரையீன்கள் வெள்ளமாகச் சுரப்பதே காரணம். ஷிஃப்ட் முடிந்து உடம்பு வலிக்கு மெடிக்கல் கடையில் இரண்டு மாத்திரை கேட்டு வாங்கிப் போடும் பழக்கம் உள்ள தொழிற்பேட்டையில் இது உயிர் சார்ந்த செய்தி. பாலிப்பும் வீசிங்கும் உள்ளவர், எந்த வலிமாத்திரைக்கு என்ன ஆயிற்று என்பதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். இந்த நோயாளிகளின் பாலிப்தான் அறுவைக்குப் பின் மிக விரைவில் திரும்பும்.

தொழில் தூசியின் பங்கு என்ன? கலிஃபோர்னியாவில் தியாஸ்-சான்செஸ் குழுவினர் 1990களில் டீசல் துகள்களை மூக்கில் தெளித்துப் பார்த்தபோது அங்கே ஐஜிஇ உற்பத்தி கூடியது. மகரந்தத்தோடு சேர்த்துத் தெளித்தபோது அந்த மகரந்தத்துக்கு எதிரான ஐஜிஇ பல மடங்காயிற்று. எலிகளை மாதக்கணக்கில் பிஎம் 2.5 நுண்தூசியில் வைத்த அமெரிக்க ஆய்வு, சவ்வின் பிணைப்பு தளர்வதையும் இயோசினோஃபில்கள் சேர்வதையும் காட்டியது. ஆகவே புகையும் தூசியும் ஒவ்வாமைப் பொருளாக இல்லாமலே ஒவ்வாமைக்கும் பாலிப்புக்கும் வழி திறந்துவிடக்கூடியவை. பெல்ஜியத்தில் 2012இல் வெளியான ஆய்வில், சைனஸ் அறுவை செய்துகொண்டவர்களிடையே வேலையிடத்தில் தூசியும் ரசாயனமும் படுவோர் விகிதம் மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. அவர்களுக்கே மறு அறுவையும் அதிகம் தேவைப்பட்டது. நுண்விவரத்தில் ஆலைக்கு ஆலை வேறுபடும். பாலியூரிதேன் பெயின்டில் உள்ள ஐசோசயனேட், எபாக்ஸியின் அன்ஹைட்ரைடு, மாவுத்தூசி, மரத்தூசி ஆகியவை உண்மையான ஒவ்வாமையை உண்டாக்க வல்லவை. உலைப்புகை, கந்தக டை ஆக்சைடு, அம்மோனியா ஆகியவை எரிச்சலூட்டிகள். டயருக்குப் போகும் காய்ந்த ரப்பரில் ஒவ்வாமை தரும் புரதம் குறைவு. ரப்பர் கையுறையில்தான் அது அதிகம். டயர் ஆலைத் தொழிலாளியின் மூக்குத் தொல்லைக்குக் காரணம் தேடும்போது ரப்பர் ஒவ்வாமைக்கு முன் கரிப்பொடி, டால்க், ஆவி ஆகியவற்றைக் கேட்பது நல்லது. விடுப்பில் ஊருக்குப் போனபோது மூக்கு திறந்ததா, வேலைக்குத் திரும்பிய எத்தனையாவது நாள் அடைத்தது என்ற இரண்டு கேள்விகள் விலையுயர்ந்த பரிசோதனைகள் பலவற்றைவிட அதிகம் சொல்லும்.

ஒவ்வாமை இருக்கிறதா என்று அறியத் தோல் குத்துப் பரிசோதனை போதும். முன்கையில் சாறுகளைச் சொட்டு சொட்டாக வைத்து, ஒவ்வொன்றின் வழியாகவும் நுண் ஊசியால் மேல்தோலை மட்டும் குத்துகிறார்கள். பக்கத்தில் ஒரு சொட்டு ஹிஸ்டமின், ஒரு சொட்டு உப்புநீர். முன்னது தடிக்க வேண்டும், பின்னது தடிக்கக் கூடாது. 15 முதல் 20 நிமிடம் கழித்து, உப்புநீர்ப் புள்ளியைவிட 3 மில்லிமீட்டர் பெரிய தடிப்பு வந்தால் அந்தப் பொருளுக்கு ஒவ்வாமை நாட்டம் உண்டு. ஒரு வாரம் முன்பே அலர்ஜி மாத்திரையை நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஹிஸ்டமின்கூடத் தடிக்காது. சிற்றுண்ணி, கரப்பான், அஸ்பர்ஜில்லஸ், பார்த்தீனியம், வேலிக்காத்தான் மகரந்தம் ஆகியவை இவ்வட்டாரத்துக்குக் கட்டாயம் சேர்க்க வேண்டியவை. நூறு பொருள்களுக்கு ரத்தத்தில் பார்க்கும் பெரிய பட்டியல்கள் குழப்பத்தையே தரும்.

ரத்த அறிக்கையைப் படிப்பதில் தமிழ்நாட்டுக்கு உரிய ஓர் எச்சரிக்கை உண்டு. 2020ஆம் ஆண்டின் ஐரோப்பிய வழிகாட்டி, டைப்-2 அழற்சிக்கு அடையாளமாக ரத்தத்தில் இயோசினோஃபில் 250, மொத்த ஐஜிஇ 100 என்ற அளவுகளை வைத்தது. இயோசினோஃபில் அளவு 2023இல் 150 ஆகக் குறைக்கப்பட்டது. ஆனால் குடற்புழுவும் யானைக்கால் கிருமியும் இவ்விரண்டையும் உயர்த்தும். யானைக்கால் நோய் நெடுங்காலம் நிலவிய மாவட்டங்களில், வெறுங்காலோடு வயலில் இறங்குபவரின் ஐஜிஇ 500 இருந்தால் அது மூக்கைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் போகலாம். மலப் பரிசோதனையோ பூச்சி மருந்தோ முதலில் வேண்டும்.

பாலிப் ஒரு பக்கம் மட்டும் இருந்தால் ஒவ்வாமை என்று உடனே முடிவுகட்டக் கூடாது. கன்ன அறையிலிருந்து தொண்டைப் பக்கம் இறங்கும் ஒற்றைப் பாலிப் இளையோருக்கு வரும். ஒவ்வாமைக்கும் அதற்கும் தொடர்பு மிகக் குறைவு. நடுவயதுக்கு மேல் ஒருபக்கச் சதையும் ரத்தக்கசிவும் இருந்தால் கட்டி இல்லை என்று திசுப் பரிசோதனையால் உறுதி செய்ய வேண்டும். ஏரி குளங்களில் குளிக்கும் தமிழ்நாட்டில் பிரித்தறிய வேண்டிய இன்னொரு நோய் ரைனோஸ்போரிடியோசிஸ். சிவந்து, மேலே வெண்புள்ளிகள் விரவி, தொட்டால் ரத்தம் பீறிடும் சதை அது. 1900இல் புவனெஸ் அயர்ஸில் செபெர் முதலில் விவரித்த இதன் கிருமி பூஞ்சை அல்ல என்று 1990களின் இறுதியில் மரபணு ஆய்வு நிறுவியது. தென்தமிழ்நாட்டு மாவட்டங்களில் அதிகம். வடக்கிலும் குளத்தில் மூழ்கிக் குளிப்பவரிடம் நினைவில் வைக்க வேண்டும். இதை அடிவரை சுட்டு நீக்க வேண்டும். ஸ்டீராய்டு ஸ்பிரேயால் பயனில்லை.

சிகிச்சையில் ஒவ்வாமைக்கும் பாலிப்புக்கும் பொதுவான மருந்து மூக்கு ஸ்டீராய்டு ஸ்பிரே: மொமெட்டசோன், ஃப்ளூட்டிகசோன் முதலியவை. தலையைச் சற்றுக் குனிந்து, வலப்பக்க மூக்குக்கு இடக்கையாலும் இடப்பக்கத்துக்கு வலக்கையாலும், நடுச்சுவரில் படாமல் காதுப்பக்கமாகத் திருப்பி அடிக்க வேண்டும். பலர் நேராக மேலே அடித்து, மருந்தைத் தொண்டையில் விழுங்கி, பலனில்லை என்று இரண்டு வாரத்தில் விட்டுவிடுகிறார்கள். பலன் தெரியவே வாரங்கள் ஆகும். அதற்கு முன் கொதித்து ஆறிய நீரில் உப்புக் கலந்து மூக்கைக் கழுவினால் தூசியும் சளியும் போய் மருந்து சவ்வில் படும். ஆலையிலிருந்து திரும்பியதும் கழுவுவது மிக நல்லது. நொச்சி இலை போட்டு ஆவி பிடிப்பது கெட்டிச் சளியை இளக்கும், பாலிப்பைச் சுருக்காது. அடைப்பு நீக்கும் சொட்டு மருந்தை ஒரு வாரத்துக்கு மேல் விட்டால் மருந்தே அடைப்பை உண்டாக்கும். அலர்ஜி மாத்திரையைப் பொறுத்தவரை 1998இல் செட்டிரிசினை வைத்து நடந்த சோதனை தெளிவானது: தும்மலும் ஒழுகலும் குறைந்தன, பாலிப்பின் அளவு குறையவில்லை. ஒவ்வாமைக்கான தடுப்பூசி முறை 1911இல் லெனார்ட் நூன் தொடங்கியது. தும்மலுக்கு நல்ல பலன் தரும் அம்முறைக்குப் பாலிப்பில் சான்று மெலிது. நடுப்பகுதி வகையிலும் பூஞ்சை வகையிலும் மட்டும் அதைப் பரிசீலிக்க நியாயம் உண்டு.

மருந்துக்கு அடங்காதபோது எண்டோஸ்கோப் வழி அறுவை. அது அறைகளைத் திறந்து மருந்துக்கு வழி விடுகிறதே தவிர அழற்சியை அகற்றுவதில்லை. கென்ட் நோயாளிகளை 12 ஆண்டு தொடர்ந்து பார்த்து 2019இல் எழுதிய கட்டுரையில், ஏறத்தாழ ஐந்தில் நால்வருக்குப் பாலிப் திரும்பியிருந்தது. மூன்றில் ஒருவருக்கு மேல் மறு அறுவை தேவைப்பட்டது. இந்நிலையில்தான் உயிரியல் மருந்துகள் வந்தன. 2019இல் டுபிலுமாப், 2020 இறுதியில் ஒமாலிசுமாப், 2021இல் மெபோலிசுமாப் ஆகியவற்றுக்குப் பாலிப் நோய்க்கென அமெரிக்க அனுமதி கிடைத்தது. இவற்றில் ஒமாலிசுமாப் ஐஜிஇயையே பிடித்து முடக்குவது. 2013இல் அதைச் சோதித்த ஜெவார்ட் குழு கண்டது என்னவென்றால், ஒவ்வாமை உள்ள நோயாளிக்கும் இல்லாத நோயாளிக்கும் பாலிப் ஒரேபோலச் சுருங்கியது. ஐஜிஇ பாலிப்பில் வேலை செய்கிறது; ஆனால் அது வெளியிலுள்ள ஒவ்வாமைப் பொருளுக்கான ஐஜிஇயாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நேரான சான்று இல்லை. விலையோ ஒப்பந்தத் தொழிலாளியின் மாதச் சம்பளத்தை விழுங்கக்கூடியது. அதனால் இவ்வட்டாரத்தில் ஸ்பிரேயும் கழுவலும் நல்ல அறுவையும்தான் இன்றும் கையில் இருக்கும் வழிகள்.

அறுவைக்குப் பின் அதே உலையடிக்கோ கலவைப் பிரிவுக்கோ திரும்புபவருக்குப் பாலிப் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்பதால், வேலைப் பிரிவை மாற்றித் தரச் சொல்லும் மருத்துவச் சான்றும் சிகிச்சையின் ஒரு பகுதியே. மாதம் 21,000 ரூபாய்வரை ஊதியம் பெறும் ஆலைத் தொழிலாளர்கள் இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வருகிறார்கள். அங்கே தரும் நோய்க்குறிப்பில் ‘அலர்ஜி’ என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பதிலாக, பாலிப் உண்டா, எந்த இடத்தில், தோல் பரிசோதனை முடிவு என்ன, ஆஸ்பிரினுக்கு என்ன ஆகிறது, வேலையில் எந்தத் தூசி படுகிறது என்ற ஐந்தும் எழுதப்பட்டிருந்தால், அடுத்த முறை பார்க்கும் மருத்துவர் தொடக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. வேலையிடத்தில் மூக்கில் கட்டும் துணிக் கைக்குட்டை நுண்தூசியைத் தடுக்காது. முகத்தோடு பொருந்தும் என்-95 தடுக்கும். அறுவை செய்துகொண்டவர்கள் ஸ்பிரேயை நிறுத்தாமல், முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பூஞ்சை வகையினர் அதற்கும் அடிக்கடியும் எண்டோஸ்கோப் பார்த்துக்கொள்ள வேண்டும். பாலிப் கண்ணுக்குத் தெரியும் அளவு வளர்வதற்கு வெகு முன்பே சவ்வு நீர்கோப்பதை அதில் காண முடியும், அந்தக் கட்டத்தில் மருந்தாலேயே அடக்கிவிடவும் முடியும்.